கிரீன் கார்டு அம்மாவுக்கு மெடிக்கெய்டு கிடைக்குமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். நான் அமெரிக்கக் குடிமகன். அப்பா தவறிய பிறகு அம்மாவை நானே ஸ்பான்சர் செய்து அழைத்து வந்தேன். அம்மாவுக்கு வயது 67. கிரீன் கார்டு 2021 ஜூலையில் கிடைத்தது. 2026 ஜூலையோடு ஐந்து வருடம் நிறைகிறது. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர் என்பதால் குடும்ப ஓய்வூதியம் மாதம் 22,000 ரூபாய் வருகிறது. கும்பகோணத்தில் ஒரு வங்கியில் 14 லட்ச ரூபாய் டெபாசிட் இருக்கிறது. ஊரில் ஒரு வீடும் கொஞ்சம் நஞ்சையும் உண்டு, பட்டா இன்னும் அப்பா பேரிலேயே இருக்கிறது. சர்க்கரை, முழங்கால் வலி என்று அம்மாவுக்கு வைத்தியம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்போது அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் எடுத்த பாலிசிக்கு மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் கட்டுகிறோம். ஐந்து வருடம் முடிந்ததும் மெடிக்கெய்டு வாங்கிவிடலாமா? எங்கள் சம்பளத்தைக் காட்டி மறுப்பார்களா? ஊர்ச் சொத்தைச் சொல்லவே வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். மெடிக்கெய்டு வாங்கினால் நாளை குடியுரிமைக்குத் தடை வருமா? டாலஸில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பினால் சுலபமாகக் கிடைக்குமா?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அம்மா குடியுரிமை வாங்கும்வரை அவருக்கு முழு மெடிக்கெய்டு கிடைப்பது கடினம். ஜூலையில் நீங்கள் போக வேண்டிய இடம் மெடிகேர்.

இந்த இரண்டு பெயரையும் குழப்பிக்கொள்ளாத தமிழ்க் குடும்பத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. இரண்டும் 1965-இல் ஒரே சட்டத்தில் பிறந்த அரசு மருத்துவக் காப்பீடுகள். மெடிகேர் 65 வயதானவர்களுக்கானது, வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும். மெடிக்கெய்டு ஏழைகளுக்கானது, ஃபெடரல் அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடுகின்றன, நடத்துவது மாநிலம். அதனால்தான் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. நியூ ஜெர்சியில் அதற்கு என்.ஜே. ஃபேமிலிகேர் என்று பெயர்.

ஐந்து வருடக் கணக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. அம்மாவின் கார்டை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் ‘ரெசிடென்ட் சின்ஸ்’ என்று ஒரு தேதி அச்சிட்டிருக்கும். அன்றிலிருந்துதான் எண்ண வேண்டும். விமானத்தில் வந்து இறங்கிய நாளோ, கார்டு தபாலில் வந்த நாளோ கணக்கில்லை. அந்த ஐந்து வருடம் முடிந்தால் ஒரு பூட்டு திறக்கிறது, அவ்வளவுதான். பின்னால் இன்னும் இரண்டு பூட்டு இருக்கின்றன.

உங்கள் சம்பள விஷயத்துக்கு வருவோம். வரிக் கணக்கில் அம்மாவை டிபென்டென்ட்டாகக் காட்டுகிறோமே, அதனால் நம் வருமானத்தைச் சேர்த்துவிடுவார்களோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. மகன் வரிக் கணக்கில் அம்மாவைக் காட்டுகிறான் என்பதற்காக மெடிக்கெய்டில் மகனின் சம்பளத்தை அம்மா தலையில் ஏற்றுவதில்லை. சிக்கல் இருப்பது ஸ்பான்சர் செய்தபோது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஐ-864 படிவத்தில். இவரை வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்துக் காப்பாற்றுவேன் என்று அரசுக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் அது. எழுதிக் கொடுத்தபடி காப்பாற்றுகிறாரே என்று வைத்துக்கொண்டு, ஸ்பான்சரின் வருமானத்தையும் சொத்தையும் அம்மாவுடையதாகவே கணக்கிடச் சட்டம் சொல்கிறது. உங்கள் மனைவியின் வருமானமும் இதில் சேரும். இதில் மாநிலங்கள் ஒரே மாதிரி இறுக்கம் காட்டியதில்லை. 2019-இல் ஃபெடரல் அரசு எல்லா மாநிலத்துக்கும் கடிதம் போட்டு நினைவூட்ட வேண்டியிருந்தது. அதிகாரி கவனிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் விண்ணப்பம் போடாதீர்கள். கொடுத்த பணத்தைப் பின்னால் ஸ்பான்சரிடமே திருப்பிக் கேட்கவும் அரசுக்கு உரிமை இருக்கிறது.

இந்தக் கையெழுத்து எப்போது காலாவதியாகும்? அம்மா குடியுரிமை வாங்கினால் அன்றே முடிந்தது. இல்லாவிட்டால் அவர் கணக்கில் 40 காலாண்டு, அதாவது சுமார் பத்து வருட வேலை சேர வேண்டும். “நான் பதினெட்டு வருடமா டாக்ஸ் கட்டுறேனே சார், அது எங்க அம்மாவுக்குச் சேராதா?” என்று போன மாதம்கூட ஒருவர் கேட்டார். சேராது. கணவனின் உழைப்பு மனைவிக்குச் சேரும், பெற்றோரின் உழைப்பு சிறுவயதுப் பிள்ளைக்குச் சேரும். பிள்ளையின் உழைப்பு பெற்றவளுக்குச் சேர இந்தச் சட்டத்தில் வழியில்லை.

அடுத்த பூட்டு ஊர்ச் சொத்து. 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். அம்மாவுக்கு 67, அதனால் சொத்தையும் பார்ப்பார்கள். நியூ ஜெர்சியில் வருமானம் வறுமைக்கோட்டுக்குள், அதாவது 2025 கணக்கில் தனி ஆளுக்கு மாதம் சுமார் 1,305 டாலருக்குள் இருக்க வேண்டும். அம்மாவின் ஓய்வூதியம் டாலரில் சுமார் 250தான், அதில் பிரச்சினை இல்லை. சொத்து வரம்போ 4,000 டாலர். கும்பகோணம் டெபாசிட் ஒன்றே அதைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு.

“ஊர்ல இருக்கறது இவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பார் நண்பர். பணம் எந்த நாட்டில் இருக்கிறது என்று சட்டம் பார்ப்பதில்லை, எடுத்துச் செலவழிக்க முடியுமா என்றுதான் பார்க்கிறது. எப்படித் தெரிந்துவிடுகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டில் ஒன்றும் இல்லை என்று விண்ணப்பத்தில் எழுதிய ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கவுண்டி (மாவட்ட) அலுவலகம் வழக்கமாகக் கேட்பதுபோல வரி ரிட்டர்ன் நகல் கேட்டிருக்கிறது. அந்தப் பெரியவரின் ரிட்டர்னில் ஷெட்யூல் பி கடைசிப் பகுதியில் ‘வெளிநாட்டில் வங்கிக் கணக்கு உண்டா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் அடித்து, நாட்டின் பெயர் இந்தியா என்று அவர்களுடைய கணக்காளரே நேர்மையாக எழுதி வைத்திருந்தார். இரண்டு காகிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்ன வாதாடுவது?

இந்த இடத்தில் உங்களுக்கும் ஒரு கேள்வி. அம்மாவின் டெபாசிட் 10,000 டாலரைத் தாண்டுகிறது. கிரீன் கார்டு வந்த வருடத்திலிருந்து வருடா வருடம், வெளிநாட்டு வங்கிக் கணக்கை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் படிவம் தாக்கல் செய்திருக்கிறீர்களா? ஜாயின்ட் கணக்கு என்றால் நீங்களும் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டிருந்தால் மெடிக்கெய்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு வரி ஆலோசகரைப் பாருங்கள்.

நிலத்துக்கு வருவோம். பட்டா அப்பா பேரில் இருப்பதால் அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அது அவருடைய சொந்தச் சொத்தாக இருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் கண்மூடிய நிமிடமே அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு வந்துவிட்டது. நீங்கள் இருவர் மட்டும் என்றால், பாட்டியும் உயிரோடு இல்லை என்றால், அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. பட்டா மாறாதது தாலுகா அலுவலகத்தின் விவகாரம். இது பாகம் பிரியாத சொத்து, மற்றவர்கள் சம்மதிக்காமல் நினைத்த நேரத்தில் விற்கமுடியாது என்று வாதிட இடமிருக்கிறது. அதற்கு வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்போடு வேண்டும். வீட்டைக் குடியிருக்கும் வீடு என்று விலக்கிவைக்கவும் முடியாது. குடியிருப்பது எடிசனில். ஒருநாள் அங்கேயே திரும்பிப் போய்விடுவேன் என்று சொன்னால், அப்புறம் நீங்கள் நியூ ஜெர்சிவாசியே இல்லையே என்பார்கள்.

சரி, அம்மா பங்கை விடுதலைப் பத்திரம் எழுதி உங்கள் பேருக்கு மாற்றிவிட்டால்? தஞ்சாவூர் பக்கம் பத்திர எழுத்தர் அரை நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார். டாக்டர், மாத்திரை, ஆஸ்பத்திரி அளவில் மட்டும் மெடிக்கெய்டு கேட்டால் பழைய தானங்களைப் பொதுவாகத் தோண்டமாட்டார்கள். ஆனால் நர்சிங் ஹோமோ, வீட்டுக்கே வந்து கவனிக்கும் நீண்டகாலப் பராமரிப்போ கேட்கும் நாளில், அதற்கு முந்தைய 60 மாதங்களில் கைமாறிய ஒவ்வொரு சொத்தையும் கேட்பார்கள். இலவசமாகக் கொடுத்த மதிப்புக்கு ஏற்ப அத்தனை மாதம் உதவி கிடையாது. முழங்கால் வலிக்கும் 67 வயது அம்மாவுக்கு இன்னும் ஐந்து வருடத்தில் அந்தத் தேவை வராது என்று என்னால் சொல்லமுடியாது. அவசரப்பட்டுப் பத்திரம் எழுதாதீர்கள். அம்மாவின் பணத்தை அம்மாவுக்கே செலவழிப்பதில் மட்டும் தடையே இல்லை: பல், கண், காது மெஷின், இதோ கட்டிக்கொண்டிருக்கும் பிரீமியம். ரசீது மட்டும் பத்திரமாக இருக்கட்டும்.

இனி மெடிகேர். 65 வயது முடிந்த கிரீன் கார்டுக்காரர் தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்திருந்தால், ஒரு நாள்கூட வேலை பார்க்காவிட்டாலும் பணம் கட்டிச் சேரலாம். 2026-க்கு ஆஸ்பத்திரிக்கான பார்ட் ஏ மாதம் 565 டாலர், டாக்டருக்கான பார்ட் பி 202.90 டாலர். இப்போது கட்டுவதைவிடக் குறைவு, சொத்துக் கேள்வியும் இல்லை, உங்கள் ஐ-864-உம் குறுக்கே வராது. பார்ட் பி ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொடுக்கும் என்பதால் மீதிக்கு மெடிகேப் பாலிசி ஒன்று எடுங்கள். பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் எடுத்தால் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள். மருந்துக்குப் பார்ட் டி தனி. சேர்வதற்கான சாளரம் ஏழு மாதம்: உங்கள் கணக்கில் ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். தவறவிட்டால் பார்ட் பி பிரீமியத்தில் தாமதித்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 10 சதவீதம் அபராதம், ஆயுளுக்கும். மெடிகேர் தொடங்கும் தேதி கையில் கிடைக்கும்வரை இப்போதைய பாலிசியை நிறுத்த வேண்டாம்.

குடியுரிமைக்குத் தடை வருமா என்ற பயத்துக்குப் பதில்: கிரீன் கார்டு உள்ளவர் முறைப்படி மெடிக்கெய்டு வாங்கியது குடியுரிமைக்குத் தடை அல்ல. அரசு உதவியை நம்பி வாழ்பவராகிவிடுவாரா என்று பார்க்கும் பப்ளிக் சார்ஜ் சோதனை குடியுரிமை விண்ணப்பத்தில் கிடையாது. ஆனால் அரசு அதிகாரியிடம் எப்போதாவது பொய்த் தகவல் கொடுத்ததுண்டா என்று குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. நண்பரின் யோசனை அங்கேதான் வந்து கடிக்கும்.

அந்த என்-400-ஐ ஐந்து வருடம் முடிய 90 நாள் இருக்கும்போதே போடலாம். அம்மா குளிர்காலத்தில் ஊருக்குப் போகிறவர் என்றால் ஒரு பயணமும் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் குடியுரிமைக்கும் கேள்வி, மெடிகேருக்கும் கேள்வி. கஷ்டமான பகுதி ஆங்கிலம். தமிழிலேயே தேர்வில் பதில் சொல்லும் சலுகை அம்மா வயதுக்காரர்களுக்கு, 55 வயதுக்கு மேல் 15 வருடம் கிரீன் கார்டு வைத்திருந்தால்தான். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு குடிமையியல் தேர்வும் கூடிவிட்டது: 128 கேள்விகளைப் படித்துவைத்து, கேட்கும் 20-இல் 12 சரியாகச் சொல்ல வேண்டும். பல பொது நூலகங்களில் இலவச வகுப்பு நடத்துகிறார்கள், இப்போதே சேர்த்துவிடுங்கள். நினைவு மறதி போன்ற மருத்துவக் காரணம் உண்மையாகவே இருந்தால் தேர்விலிருந்து விலக்குக் கேட்கும் என்-648 படிவத்தை டாக்டர் எழுதித் தரலாம். முழங்கால் வலிக்கெல்லாம் தரமாட்டார்கள்.

அம்மா குடியுரிமை பெற்ற பிறகு டெபாசிட்டும் கரைந்திருந்தால், அப்போது மிடில்செக்ஸ் கவுண்டியின் சோஷியல் சர்வீசஸ் அலுவலகத்தில் முதியோருக்கான விண்ணப்பத்தைப் போடுங்கள். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை, கேட்டு வாங்குங்கள். 45 நாளில் பதில் வர வேண்டும். மறுத்தால் கடிதத் தேதியிலிருந்து 20 நாளுக்குள் ஃபேர் ஹியரிங் என்ற மேல்முறையீட்டு விசாரணை கேட்க வேண்டும். கடிதத்தைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு நாள் தவறியவர்கள் நிறைய. 4,000 டாலர் வரம்புக்குள் வரமுடியாவிட்டாலும் மெடிகேர் பிரீமியத்தை மட்டும் மாநிலமே கட்டும் திட்டம் ஒன்று உண்டு, 2025-இல் அதன் சொத்து வரம்பு 9,660 டாலர். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 55 வயதுக்குப் பின் மெடிக்கெய்டு செய்த செலவை, அவர் இறந்த பிறகு அவர் விட்டுச்செல்லும் சொத்திலிருந்து நியூ ஜெர்சி வசூலிக்கும். உங்கள் பேரில் இருக்கும் எடிசன் வீட்டை அது தொடாது.

டாலஸ் யோசனையை விட்டுவிடுங்கள். டாலஸ் இருக்கும் டெக்சாஸ் இதில் இன்னும் இறுக்கமான மாநிலம். அம்மா போன்ற கிரீன் கார்டுக்காரர்களிடம் ஐந்து வருடத்தோடு நிற்காமல் 40 காலாண்டும் கேட்பார்கள். தம்பியோடு இருக்க ஆசைப்பட்டு அம்மா போனால் அது வேறு விஷயம், மெடிகேர் அங்கேயும் செல்லும்.