ஷெட்டைக் காலி செய்துவிட்டார், ரசாயனம் மண்ணில் கிடக்கிறது: சுத்தம் செய்வது யார் பொறுப்பு? (கேள்வி பதில்)

ஷெட் வாடகைக்கு விட்டவர்கள், இடம் வாங்கப் போகிறவர்கள், வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்துகிறவர்கள் என்று கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பணம் பெரிதாக மாட்டியிருக்கும் இடங்களில் உங்கள் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டாமல் எதுவும் செய்யாதீர்கள்.

கேள்வி (ஓசூர்): சார், எங்கள் ஷெட்டை குரோம் பிளேட்டிங் செய்கிறவருக்கு ஆறு வருடத்துக்கு விட்டிருந்தோம். போன மாதம் காலி செய்துவிட்டார். தொட்டி இருந்த இடத்தில் சிமென்ட் தரை வெடித்து, கீழே மண் மஞ்சளாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் "நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரிதான் உள்ளது. அட்வான்ஸ் எங்களிடம் இருக்கிறது. அவரைச் சுத்தம் செய்ய வைக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 108-ன்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது, குத்தகைக்கு எடுத்தவர் இடத்தை எந்த நிலையில் வாங்கினாரோ அந்த நிலையில் திருப்பித் தர வேண்டும். இயல்பான தேய்மானத்துக்கும், யாராலும் தடுக்க முடியாத சக்தியால் வந்த மாற்றத்துக்கும் மட்டும் விலக்கு. மண்ணுக்குள் குரோமியம் இறங்குவது தேய்மானம் ஆகாது. இன்னொன்றும் அதே பிரிவில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது: குத்தகை நடக்கும்போதே அவரால் ஏற்பட்ட குறையைச் சுட்டிக்காட்டி நோட்டீஸ் கொடுத்தால் 3 மாதத்துக்குள் அவர் சரிசெய்தாக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய்த் தரையைப் பாருங்கள் என்று எல்லா ஷெட் உரிமையாளர்களிடமும் நான் சொல்வது இதனால்தான்.

உங்களுக்கு வரப்போகும் சிக்கல் வேறு. "நான் வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்று அவர் சொன்னால் மறுக்க உங்கள் கையில் என்ன இருக்கிறது? சாவி கொடுத்த அன்று மண்ணைப் பரிசோதித்த அறிக்கை இருந்திருந்தால் பேச்சே இல்லை. இப்போது அது இல்லை என்பதால், அவருக்கு முன் அங்கே என்ன நடந்தது, அவருடைய இசைவாணையில் (தொழில் நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி) என்ன தொழில் என்று எழுதியிருக்கிறது, பழைய போட்டோ ஏதாவது உண்டா என்று சேர்த்து வையுங்கள். ஒப்பந்தம் பதிவு செய்ததுதானே? ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம், பதியாத பத்திரத்தின் நிபந்தனைகளைக் கோர்ட்டில் நிலைநாட்டுவது பெரும்பாடு.

உடனே செய்ய வேண்டியது: தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கழுவினால் இன்னும் கீழே இறங்கும், பக்கத்து போர்வெல் வரைக்கும் போகும். குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. எவ்வளவு சின்ன எண் என்று பாருங்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தை வரவழைத்து, அவர்கள் கையாலேயே மண்ணும் தண்ணீரும் எடுக்கச் சொல்லுங்கள். அவருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, வந்து பார்க்க வாய்ப்பும் கொடுங்கள். அறிக்கை வந்ததும் வக்கீல் நோட்டீஸ். அதில் இடத்தைச் சுத்தம் செய்து தர ஒரு கெடு, தவறினால் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73-ன்படி இழப்பீடு, அதுவரை அட்வான்ஸ் நிறுத்தி வைக்கப்படும் என்று எழுதுங்கள். ஒப்பந்தத்தை மீறியதற்கான வழக்குக்குப் பொதுவாக 3 வருடம்தான் காலவரம்பு. "பேசிக்கலாம்" என்று நாளைக் கடத்தாதீர்கள்.

தொட்டியில் மிஞ்சிய சேற்றைப் பழைய இரும்புக்காரரிடமோ டிராக்டர்காரரிடமோ கொடுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிளேட்டிங் சேறு 2016 அபாயகரமான கழிவு விதிகளின் அட்டவணையில் இருப்பது. அது போக வேண்டியது கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு, அதுவும் மேனிஃபெஸ்ட் எனும் அனுப்புகைச் சீட்டோடு. ராத்திரியில் ஏரிக்கரையில் கொட்டினால் அதன் பிறகு குற்றம் உங்களுடையது.

கேள்வி (அதே வரிசையில் இன்னொருவர், பர்கூர்): எங்கள் ஒப்பந்தத்தில் "மாசு சம்பந்தமான சகல பொறுப்பும் குத்தகைதாரரையே சேரும்" என்று தெளிவாக இருக்கிறது. இருந்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. அது எப்படி?

பதில்: அந்த வரி உங்கள் இருவரையும்தான் கட்டும், அரசை அல்ல. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986 ஒரு இடம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பார்க்கிறது. அவர் சாவியைக் கொடுத்துவிட்டார் என்றால் இப்போது கட்டுப்பாடு உங்களிடம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1996-ல் ராஜஸ்தான் பிச்ரி வழக்கிலும், நம் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வேலூர் வழக்கிலும் உறுதியாகச் சொல்லிவிட்டது. மாசுபட்ட இடங்களுக்கென்றே 2025-ல் தனி விதிகளும் வந்திருக்கின்றன. ஆனால் மாசுபடுத்தியவர் யார் என்று காட்ட வேண்டுமே, அங்கேதான் உங்கள் ஒப்பந்தம் உதவும். நோட்டீஸை மேசையில் போட்டுவைக்காமல், கெடுவுக்குள் ஒப்பந்த நகல், வாடகை ரசீது, அவருடைய இசைவாணை எண் எல்லாம் இணைத்து ஓசூரில் உள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உத்தரவை அவர் பெயருக்குப் போடச் சொல்லி எழுதுங்கள்.

நீங்கள் செலவு செய்ய நேர்ந்தால் ஒப்பந்தச் சட்டம் 124, 125 பிரிவுகளின்படி அவரிடம் திருப்பி வாங்கலாம், அப்படி வாங்க அவரிடம் பணம் இருக்க வேண்டும். கம்பெனியை மூடிவிட்டு ஆள் வெளியூர் போய்விட்டால் அந்த வரி வெறும் காகிதம்தான். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் வருடக்கணக்கில் அங்கேயே கிடந்தது எல்லோருக்கும் தெரியும். அடுத்தமுறை விடும்போது, சுத்தம் செய்யும் செலவுக்கென்று தனி டெபாசிட்டோ வங்கி உத்தரவாதமோ வாங்கி, காலி செய்து மண் அறிக்கை வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும் என்று எழுதுங்கள்.

கேள்வி (ஓசூர், வாடகைக்கு எடுக்கப்போகும் தம்பி): அண்ணா, உரிமையாளர் "எக்காலத்தில் கண்டறியப்படும் மாசுக்கும் குத்தகைதாரரே பொறுப்பு" என்று எழுதச் சொல்கிறார். எனக்கு முன்னாலும் அங்கே பிளேட்டிங்தான் நடந்தது.

பதில்: அப்படியே கையெழுத்துப் போடாதே தம்பி, முன்னால் இருந்தவருடைய பாவமும் உன் தலையில் விழும். அதற்குப் பதில் இப்படி எழுதச் சொல்: "குத்தகை தொடங்குமுன் இருதரப்பும் முன்னிலையில் எடுக்கப்பட்ட மண், நீர் பரிசோதனை அறிக்கை இப்பத்திரத்தின் பகுதியாகும். அதில் கண்ட அளவைவிடக் கூடுதலாக, குத்தகைக் காலத்தில் குத்தகைதாரரின் தொழிலால் சேர்ந்த குரோமியம், நிக்கல், சயனைடு ஆகியவற்றை அவர் தம் செலவில், காலி செய்த 90 நாட்களுக்குள் அகற்றித் தர வேண்டும்." பொருளின் பெயர், ஒப்பிடும் அளவு, கெடு மூன்றும் இருக்கிறது பார். நாளைக்குச் சண்டை வந்தால் நீதிபதி கேட்கப்போவதும் இதைத்தான். முதல் பரிசோதனைச் செலவை ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொள், அது உரிமையாளரைவிட உனக்குத்தான் அதிகம் பயன்படும்.

கேள்வி (சூளகிரி): ஒரு ஏக்கர் வாங்குகிறோம். முன்பு அங்கே பேட்டரி உடைத்து ஈயம் உருக்கினார்கள் என்கிறார்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. பத்திரத்தில் "உள்ளது உள்ளபடி" என்று போடுகிறார் விற்பவர்.

பதில்: வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும், ஈயம் தெரியாது. விற்பவருக்குத் தெரிந்து, சாதாரணமாகப் பார்த்தால் உங்களுக்குத் தெரியாத முக்கியமான குறையை அவர் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அது மோசடி என்கிறது சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 55. ஆனால் உங்கள் காதுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, அதனால் "எனக்குத் தெரியாது" என்று பிறகு சொல்வது கடினம். "உள்ளது உள்ளபடி" என்ற சொல்லை நீக்கச் சொல்லுங்கள். கிரயத்துக்கு முன் போடும் உடன்படிக்கையிலேயே மண் பரிசோதனை, ஈயம் அதிகம் இருந்தால் முன்பணம் திரும்பும் அல்லது அவர் செலவில் அகற்றுவார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த சர்வே எண்ணில் யாருக்காவது இசைவாணை தரப்பட்டதா என்று வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அவர் பரிசோதனைக்கே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

கேள்வி (தொப்பூர்): கணவாயில் ஆசிட் டேங்கர் கவிழ்ந்து எங்கள் வயலிலும் கிணற்றிலும் இறங்கிவிட்டது. எங்களுக்கு யாரோடும் ஒப்பந்தம் கிடையாது. லாரிக்காரர்கள் கொஞ்சம் பணம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள்.

பதில்: அந்தக் கையெழுத்துதான் ஒப்பந்தம் ஐயா! "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால் போடாதீர்கள். அவசரச் செலவுக்கு வாங்குவதானால் "இடைக்காலமாக, மேற்கொண்டு கோரும் உரிமைக்குப் பாதகமின்றி" என்று எழுதி வாங்குங்கள். டேங்கரின் பின்பக்கப் பலகையில் இருக்கும் நான்கு இலக்க எண், வண்டி எண், அனுப்பியவர் பெயர் எல்லாம் போட்டோ எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் காவல் நிலையத்தில் கேளுங்கள். அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்கு 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படியான காப்பீடும் இருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அந்தச் சட்டப்படியான நிவாரணத்துக்குக் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம், அதை வாங்குவதால் வேறு சட்டத்தில் கேட்கும் உரிமை போகாது. நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கேட்டு, சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்கு 5 வருடத்துக்குள் போகலாம், வக்கீல் இல்லாமலும் மனு போடலாம். முதலில் கிணற்றுத் தண்ணீரை மாடுகளுக்குக் காட்டாதீர்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): பங்க்குக்கு விட்ட இடம், குத்தகை முடிகிறது. நிலத்தடி டேங்க்கை அப்படியே விட்டுவிடட்டுமா என்கிறார்கள்.

பதில்: வேண்டாம். டேங்க், குழாய் எல்லாம் எடுத்து, குழியின் அடிமண்ணில் டீசல் வாடை இருக்கிறதா என்று உங்கள் முன்னிலையில் பார்த்து, மாதிரி எடுத்துவிட்டுத்தான் குழியை மூட வேண்டும். மூடிய பிறகு கேட்டால் யாரும் தோண்ட மாட்டார்கள்.

கேள்வி (பாலக்கோடு): டூவீலர் மெக்கானிக் கடைக்கு விடுகிறேன், அதற்கும் இவ்வளவு வேண்டுமா?

பதில்: இவ்வளவு வேண்டாம். பழைய ஆயிலை மூடி போட்ட டிரம்மில், சிமென்ட் தரை மேல் வைத்து, அங்கீகாரம் பெற்றவரிடம் மட்டும் கொடுத்து ரசீது வைத்திருக்க வேண்டும், சாக்கடையில் விடக்கூடாது என்று ஒரு பத்தி எழுதுங்கள். சாவி கொடுக்கும் நாளில் தரையை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அதன் பின்னால் இருவரும் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.