போட்டோவில் விழும் ஒளிப்புள்ளிகளை நீக்குவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: இரவில் கோபுரத்தை மொபைலில் எடுத்தால் வானத்தில் பச்சைப் புள்ளிகள் வருகின்றன. கேமரா பழுதா சார்?

பதில்: பழுது இல்லை. பலமான விளக்கொளி லென்ஸின் பரப்புகளுக்கு இடையே எதிரொளித்து, ஒளியைப் படமாக்கும் சென்சாரில் விழுவதால் வருவது. இதை ஃப்ளேர் என்பார்கள். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். நல்ல பூச்சு அதை வெகுவாகக் குறைக்குமே தவிர, அடியோடு நிறுத்தாது. மொபைல் படங்களில் பெரும்பாலும் விளக்குக்கு நேர் எதிரே, படத்தின் மையத்துக்கு மறுபுறம் புள்ளி இருக்கும். இருண்ட வானம் என்றால் வேலை சுலபம். ஸ்னாப்சீட் என்ற மொபைல் ஆப்பில், புள்ளியைச் சுற்றுப்புறத்தால் மூடும் ஹீலிங்கைத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி, புள்ளியைத் தொடுங்கள். போய்விடும்.

கேள்வி: கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் பட்டுப்புடவை மேல் ஊதா வட்டம் விழுந்திருக்கிறது. ஹீலிங் பிரஷ் போட்டால் ஜரிகை குழம்பிவிடுகிறது அண்ணா.

பதில்: இங்கே ஹீலிங் வேண்டாம். அந்த வட்டம் ஜரிகையை அழிக்கவில்லை, அதன் மேல் கொஞ்சம் ஒளியைக் கூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கூடிய ஒளியைக் கழித்தால் அடியில் உள்ளது திரும்ப வரும். முதலில் நிறத்தைச் சரிசெய்யுங்கள். போட்டோஷாப்பில் மேலே ஒரு காலி லேயர் போட்டு, பிளெண்ட் மோடை ‘கலர்’ என்று மாற்றுங்கள். பிரஷ் கையில் இருக்கும்போது ஆல்ட் அழுத்தி, வட்டத்துக்கு வெளியே உள்ள புடவை நிறத்தை எடுத்து மென்மையாகப் பூசுங்கள். ஜரிகைக்கு அதன் பொன்னிறத்தைத் தனியாக எடுக்க வேண்டும். நிறம் மட்டும்தான் மாறும், நெசவு அப்படியே இருக்கும்.

அப்புறமும் அந்த இடம் வெளிறித் தெரியும். வெளிச்சத்தை மாற்றும் ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, மாற்றம் எங்கே தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கைக் கருப்பாக்கி, வட்டத்தின் மேல் மட்டும் வெள்ளை பூசுங்கள். கர்வ்ஸ் கோட்டின் இடது கீழ்முனையை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினால் கருமை திரும்பும். ஏஐ அழிப்பான்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவை இல்லாத வேலைப்பாட்டைத் தாமாக வரைந்து வைக்கும். அந்தக் குடும்பம் பல வருடம் பார்க்கப்போகும் படம் இது, அரை மணி நேரம் செலவழிக்கலாம்.

கேள்வி: இதே வேலையை இலவச மென்பொருளில் செய்ய முடியுமா?

பதில்: ஜிம்ப்பில் தாராளமாக முடியும். லேயர் மோடுகளில் அங்கும் கலர் உண்டு. கர்வ்ஸுக்குப் படத்தை நகல் லேயராக எடுத்து, அதில் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: புள்ளியின் நடுப்பகுதி முழு வெள்ளையாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: அங்கே மீட்க எதுவும் இல்லை. பக்கத்துப் பகுதியிலிருந்து குளோன் ஸ்டாம்ப்பால் நகலெடுத்து நிரப்புவதுதான் வழி. ரா (RAW) எனும் பதப்படுத்தாத கோப்பாக எடுத்திருந்தால் முதலில் ஹைலைட்ஸை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, குறைத்துப் பாருங்கள், சில சமயம் விவரம் கொஞ்சம் தேறும்.

கேள்வி: எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி.

பதில்: அது ஃப்ளேர் இல்லை, சென்சார் தூசி. ஃப்ளேர் என்றால் கேமராவைத் திருப்பும்போது இடம் மாறும். லென்ஸ் துவாரத்தைச் சிறிதாக்கி எஃப்/16 வைத்து வெறும் வானத்தை எடுத்தால் தூசி தெளிவாகத் தெரியும். கையால் அழுத்தும் ரப்பர் ஊதுகுழலால் ஊதிப் பாருங்கள், வாயால் ஊதாதீர்கள்.

கேள்வி: எடுக்கும்போதே தவிர்க்க வழி உண்டா?

பதில்: இரவில் லென்ஸ் முன் மாட்டியிருக்கும் யூவி ஃபில்டர் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், மொபைல் என்றால் லென்ஸைத் துடையுங்கள். சூரியன் படத்துக்குள் வந்தே ஆக வேண்டுமென்றால் டிரைபாடில் இரண்டு படம் எடுங்கள். ஒன்று வழக்கம்போல, இன்னொன்று சூரியனை விரலால் மறைத்து. இரண்டாவதில் பெரும்பாலும் புள்ளிகள் இருக்காது. அந்தப் பகுதிகளை மட்டும் மாஸ்க் போட்டு முதல் படத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.