கார்ட்டூனும் நிஜ நடிகர்களும் சேரும் படங்கள்: மகளின் ஆசைக்கு வழி இருக்கிறதா?

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், நிஜ நடிகர்களோடு கையால் வரைந்த கார்ட்டூன்கள் நடமாடும் படங்களைச் செய்ய விரும்புகிறாள்; அதில் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் படங்களை மட்டும் நம்பி வாழ்வது கடினம். அவை எப்போதாவதுதான் எடுக்கப்படுகின்றன. ஆனால் அந்த வேலை தெரிந்தவருக்கு விளம்பரப் படங்களிலும், விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவு) ஸ்டூடியோக்களின் ரோட்டோ (உருவங்களை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்தெடுப்பது), கம்பாசிட்டிங் (தனித்தனிப் படங்களை ஒன்றாகச் சேர்ப்பது) பிரிவுகளிலும் இடம் உண்டு.

லட்சக்கணக்கில் கட்டி சாஃப்ட்வேர் வகுப்பில் சேர்க்கும் முன், அவள் ஒரே ஒரு ஷாட் செய்து பார்க்கட்டும். ஐந்து விநாடி போதும்: மேசைமேல் ஒரு கார்ட்டூன் பூனை ஏறி உட்கார்கிறது, எதிரே இருப்பவர் அதைப் பார்க்கிறார்.

போனை ட்ரைபாடில் வைத்து ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் லாக் செய்ய வேண்டும். வீடியோ என்பது ஃபிரேம் எனப்படும் தனிப்படங்களின் வரிசை; போன் கேமராவில் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற வேகம் தானாகக் கூடிக் குறையும். அதை விநாடிக்குச் சீராக 24 ஃபிரேமாக மாற்றிய பிறகே வரையத் தொடங்கலாம்; இல்லாவிட்டால் சேர்க்கும்போது வீடியோவும் ஓவியமும் விலகிப்போகும்.

பலர் கோட்டைவிடுவது பார்வையில். பூனையின் கண் வரும் உயரத்தில் குச்சி நுனியில் ஒரு பந்தை நிறுத்தி, நடிப்பவர் அதைப் பார்த்து ஒத்திகை செய்யட்டும். டேக்கில் பந்தை எடுத்துவிட்டு அதே புள்ளியைப் பார்க்க வேண்டும். பார்வை பூனையைத் தாண்டிப் பின்சுவரில் விழுந்தால், எவ்வளவு அழகாக வரைந்தாலும் காப்பாற்ற முடியாது.

ஐந்து விநாடிக்கு 120 ஃபிரேம். கேமரா அசையாததால் ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்து 60 ஓவியங்களில் முடிக்கலாம். கேமரா நகர்ந்தால் ஃபிரேமுக்கு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் பூனையின் கால் மேசையில் வழுக்குவதுபோல் தெரியும். 1988-இல் வந்த 'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்' படத்தில் கேமரா தாராளமாக நகர்ந்ததால்தான் அனிமேஷன் இயக்குநர் ரிச்சர்ட் வில்லியம்ஸின் குழு ஃபிரேமுக்கு ஒன்றாக வரைந்தது. நிழலையும் ஒளியையும் தனித்தனி அடுக்குகளாக வரைந்து பின்னர் படத்தோடு சேர்த்தார்கள். தட்டையான கார்ட்டூன் அந்த அறைக்குள் நிற்பதுபோல் தெரிந்தது அந்த அடுக்குகளால்தான்.

உங்கள் மகளும் அப்படியே செய்யலாம்: நிறம் ஓர் அடுக்கு, உடல்மேல் விழும் நிழல் ஓர் அடுக்கு, மேசையில் விழும் நிழல் இன்னோர் அடுக்கு. பாதம் மேசையைத் தொடும் இடத்தில் நிழல் அடர்த்தியாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பூனை மிதக்கும். வரைய ஓப்பன்டூன்ஸ் அல்லது கிருதா, சேர்க்க பிளெண்டர், மூன்றும் இலவசம்.

அறுபதும் வரைந்த பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஎஃப்எக்ஸுக்கு நான்காண்டு பட்டப்படிப்பு உண்டு. அகமதாபாத் என்ஐடியின் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) பி.டெஸ் என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் எழுதலாம். நுழைவுத் தேர்வு இரண்டு கட்டம். அதற்கான விண்ணப்பம் பொதுத் தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.