திடலில் ஜெபம் செய்யலாமா?

வணக்கம் சகோதரரே. ஆட்டத்துக்கு முன் பையன்களை வட்டமாக நிறுத்தி ஜெபித்தீர்கள், ஒரு இந்துத் தாயார் வருத்தப்பட்டார், இனி ஜெபத்தையே விட்டுவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெபத்தை விட வேண்டாம். பிள்ளைகளை அதற்கு நிறுத்துவதை மட்டும் விடுங்கள்.

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்டத்துத் திடலில் நானும் பல வருடம் காற்பந்து சொல்லிக்கொடுத்தவன். கோச் சொன்னால் பிள்ளை மறுக்காது, சிக்கலே அதுதான். குழுவில் முஸ்லிம்களான மலாய்ப் பையன்களும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முஸ்லிம்களிடம் பிற மதம் பரப்புவதைக் கட்டுப்படுத்த மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவு மாநிலங்களுக்கு இடம் தருகிறது. சிலாங்கூரில் 1988லேயே சட்டம் வந்துவிட்டது.

நான் அரை மணி முன்னதாகப் போய், கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பையனின் பேரையும் சொல்லி ஜெபிப்பேன். ஒருநாள் சொந்த கோலிலேயே பந்தை அடித்த பையன் அழுதுகொண்டே வெளியே வந்தான். சேற்றில் மண்டியிட்டு அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டி, மறுபடி உள்ளே அனுப்பினேன். என் விசுவாசத்தை அன்று அப்படித்தான் காட்ட முடிந்தது.

அப்புறம், அந்தத் தாயாரை இந்த வாரமே வீட்டில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள். தேநீர் கொடுத்தால் உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள்.