பழைய பாய்ப்படகு வாங்குமுன் பாலத்தையும் பாருங்கள்

மட்டக்களப்பு வாவியில் பாய் விரித்த படகு ஒன்றைக் கண்டால் இன்றைக்கும் பாலத்தில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். அவ்வளவு அருமை. ஆனாலும் எனக்கு வரும் கேள்விகளில் பழைய பாய்ப்படகைப் பற்றியவை கூடிக்கொண்டே போகின்றன. வளைகுடாவில் ஒரு படகுத் தளத்தில் ஒன்பது வருடம், இங்கே திரும்பி வந்து பைபர் வேலையில் மிச்சக் காலம் என்று கழித்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லண்டனில் ஓய்வு பெற்று கல்லடிக்கே வந்துவிட்டேன். திருகோணமலையில் கட்டலினா 22 என்ற பாய்ப்படகு ஒன்று விலைக்கு இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரையில் கட்டி வைத்துக்கொண்டு, நினைத்தபோது கடலுக்கும் போக ஆசை. வாங்கலாமா, அண்ணன்? (கல்லடி)

படகு நல்ல படகுதான். 1969 முதல் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது, குறை நிறை எல்லாம் ஊருக்கே தெரியும். ஆனால் முதலில் உங்கள் வீடு பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலமும், 2013இல் திறந்த புதுப் பாலமும் தூக்கித் திறக்கும் பாலங்கள் இல்லை. கட்டலினா 22இன் பாய்மரம் மட்டும் 25 அடிக்குக் கிட்ட வரும். நாவலடிப் பக்கம் கட்டினால் முகத்துவாரத்துக்கு வழி நேர். பாலத்துக்குத் தெற்கே கட்டினால் ஒவ்வொரு தடவையும் பாய்மரத்தைச் சாய்த்துத்தான் வெளியே வர வேண்டும். இந்தப் படகில் மரத்தின் அடி ஒரு முளையில் திரும்பும், இரண்டு பேர் சேர்ந்தால் இறக்கி ஏற்றலாம். முதல் மாதம் அது விளையாட்டாக இருக்கும். மூன்றாவது மாதம் படகு கரையிலேயே கிடக்கும்.

அடுத்தது ஆழம். வாவி 56 கிலோமீற்றர் நீளம் என்று பெருமையாகச் சொல்கிறோம், ஆனால் ஆழமான இடமே சுமார் 4 மீற்றர்தான். பெரும்பாலான இடத்தில் தோணிக்காரர் கம்பு ஊன்றிப் போகிறார்கள். பாலமீன்மடு முகத்துவாரம் மாரியில் வெட்டிக்கொண்டு ஓடும், கோடையில் மணல் ஏறிவிடும். ஆகவே கீல், படகின் அடியில் தண்ணீருக்குள் நீண்டு நிற்கும் பாகம், நம்மவர் ஏரா என்று சொல்வது, எந்த வகை என்பதுதான் உங்களுக்கு முதல் கேள்வி. கட்டலினா 22இல் நிலையான கீல் உள்ளது மூன்றரை அடித் தண்ணீர் கேட்கும். தூக்கும் கீல் உள்ளதை மேலே இழுத்தால் 2 அடியில் மிதக்கும், இறக்கினால் 5 அடி. உங்களுக்கு இரண்டாவதுதான். ஆனால் கீலைத் தூக்கி வைத்துக்கொண்டு காற்றுக்கு எதிரே ஏற முடியாது, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வழுக்கும்.

தூக்கும் கீல் வாங்குகிறவர் படகுக்கு அடியில் படுக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. வார்ப்பிரும்புக் கீல் துருவேறி அடுக்கடுக்காக உரிகிறதா, அது தொங்கும் முளை தேய்ந்திருக்கிறதா, தூக்கும் கம்பிவடத்தில் இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். கீலைக் கையால் பிடித்து ஆட்டும்போது டொக் டொக்கென்று அடித்தால் முளையும் துளையும் தேய்ந்துவிட்டன. திருத்தலாம், ஆனால் அந்தச் செலவு விலையில் கழிய வேண்டும்.

இரட்டைக் கீல் படகு ஏதாவது கண்ணில் பட்டால் அதையும் விடாதீர்கள். வெஸ்டர்லி சென்டோர் போன்ற 26 அடிப் படகு 3 அடித் தண்ணீரில் போகும், மணலில் தட்டினாலும் கோழி மாதிரி இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும்.

பைபர் உடம்பு நல்லதா கெட்டதா என்று கருவி இல்லாமல் பார்க்க வழி உண்டா? கல்முனையில் இதைப் பரிசோதிக்க ஆள் இல்லை.

உண்டு, தம்பி. பிளாஸ்டிக் பிடி வைத்த ஒரு ஸ்க்ரூட்ரைவர், ஒரு டோர்ச், வெறுங்கால். இவ்வளவு போதும், முக்கால்வாசி தெரிந்துவிடும்.

வெறுங்கால் மேல்தளத்துக்கு. நம் மீன்பிடி போட் முழுக்க பைபர். பாய்ப்படகின் மேல்தளம் அநேகமாக அப்படி இல்லை, மேலும் கீழும் பைபர், நடுவில் பால்சா மரமோ பிளைவூட்டோ. ஒவ்வொரு ஆணித் துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். உள்ளே மரம் உளுத்தால் வெளியே ஒன்றும் தெரியாது, காலுக்குத்தான் தெரியும், லேசாக அமுங்கும். அந்த இடத்தை ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல இடம் டக் என்னும், உளுத்த இடம் தொப் என்னும். பலாப்பழம் தட்டிப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாய்மரத்தின் அடியைச் சுற்றியும், அதைத் தாங்கும் கம்பிகள் மாட்டும் இரும்புப் பட்டைகளைச் சுற்றியும் நிதானமாகத் தட்டுங்கள். அங்கே உளுத்திருந்தால் பாய் இழுக்கும் பாரம் தாங்காது.

அடிப்பக்கத்தில் அரிசி அளவிலிருந்து காசு அளவு வரை கொப்புளங்கள் இருக்கும். ஒன்றைக் குத்திப் பாருங்கள், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். பிசுபிசுத்த நீர் வந்து வினாகிரி வாசம் அடித்தால் ரெசினுக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறது. இதைக் கேட்டு ஓடிவிடாதீர்கள். பத்து இருபது கொப்புளத்தால் எந்தப் படகும் தாழாது. சுரண்டி, காய வைத்து, எபொக்சி பூச வேண்டும், காய வைக்க ஒரு முழுக் கோடை போகும். அடி முழுக்க வார்த்துப்போட்ட அம்மை மாதிரி இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

பைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டில் சிலந்திவலை மாதிரி வெடிப்பு ஒரு கைப்பிடிக் கம்பியின் அடியைச் சுற்றி இருந்தால் மேல்தோல் காயம். அதே வெடிப்பு உள்ளே இருக்கும் தடுப்புச்சுவரின் நேருக்கு வரிசையாக ஓடினால், படகு எங்கோ பலமாக அடிபட்டிருக்கிறது.

புதிதாகப் பெயின்ட் அடித்த அடிவயிறு என்றால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும். வளைகுடாவில் இருந்தபோது ஒருவரிடம் 20 அடிப் படகொன்று வாங்கினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று, பால் ஊற்றிக் குடிக்கலாம் போல. வேலை தெரிந்தவன் நானே பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் பெயின்ட் உரிந்தது, கீழே நெடுக ஓடும் தாங்குமரம் ஊறின பாண் மாதிரி விரலோடு வந்தது. ஒரு வருடச் சம்பளம்.

பாயும் கம்பியும் பழசு. மாற்றத்தான் வேண்டுமா? (பாசிக்குடா)

பாயைக் கசக்கிப் பாருங்கள். புதுசு கடதாசி மாதிரிச் சலசலக்கும், கிழடு சாரம் மாதிரி மெத்தென்று மடியும். தையலை நகத்தால் சுரண்டி, நூல் பொடிந்தால் வெயில் தின்றுவிட்டது. துணி நன்றாக இருந்தால் தையலை மட்டும் திரும்பப் போடலாம். கறுப்புப் புள்ளி அழகைக் கெடுக்கும், வேறொன்றும் செய்யாது.

கம்பியில் மட்டும் பேரம் வேண்டாம். துருப்பிடிக்காத உருக்கு என்றாலும் உப்புக் காற்றில் பத்துப் பதினைந்து வருடம்தான். கம்பி நுழையும் முனையைக் கைக்குட்டையால் துடைத்து வாருங்கள், நூல் சிக்கினால் ஓர் இழை அறுந்திருக்கிறது. ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

எங்களிடம் மீன்பிடி போட்டில் இருந்த 15 குதிரைவலு மோட்டர் சும்மா கிடக்கிறது. 22 அடிப் பாய்ப்படகுக்குப் போட்டால் வேகமாகப் போகுமா? (வாழைச்சேனை)

போகாது. இந்தப் படகுகள் தண்ணீரைக் கிழித்துத்தான் போகும், நம் போட் மாதிரி மேலே ஏறிப் பறக்காது. நீர்மட்டத்தில் படகின் நீளம் 19 அடி சொச்சம் என்றால் அதிகபட்சம் மணிக்கு 6 கடல் மைல் அளவில்தான் நிற்கும். அதற்கு 5, 6 குதிரைவலு தாராளம். பதினைந்தைப் பின்னால் தொங்கவிட்டால் 35 கிலோவுக்கு மேல் பாரம், பின்பக்கம் அமுங்கும், மண்ணெண்ணெய் குடிக்கும். கால் நீளத்தையும் பாருங்கள்: 15 அங்குலக் குட்டைக் கால் அலையில் மேலே வந்து வெறும் காற்றில் சுற்றும், 20 அங்குலம் வேண்டும். வேறு மோட்டர் வாங்கினால் கியர் எண்ணெயைத் திறந்து பாருங்கள். பால்தேத்தண்ணி நிறமென்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

வெளிநாட்டவர் ஒருவர் விட்டுப்போன படகு என்று சொல்கிறார்கள். பத்திரம் ஒன்றும் இல்லை, விலை மிகக் குறைவு. (பொத்துவில்)

வேண்டாம். உரிமைப் பத்திரம், சுங்க வரி கட்டிய தாள், விற்பவரின் கையெழுத்து மூன்றும் இல்லாமல் காசு கொடுத்தால் நீங்கள் வாங்குவது வழக்கு. பத்திரம் ஏதாவது காட்டினால், படகின் பின்பலகையில் வலது மேல்மூலையைப் பாருங்கள். 1972 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் செய்த படகென்றால் அங்கே 12 எழுத்து, எண் கொண்ட அடையாளம் பதிந்திருக்கும். தாளில் உள்ளதோடு ஒத்துவர வேண்டும். சுரண்டியிருந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

எந்த மாதத்தில் போய்ப் பார்ப்பது நல்லது?

எல்லாரும் சித்திரைக்குப் பிறகு, கடல் அமைதியானதும் போவார்கள். நான் கார்த்திகை, மார்கழியில் போகச் சொல்வேன். வாடைக்காற்றும் மழையும் இரண்டு நாள் அடித்து ஓய்ந்த காலையில், முன்னறிவித்தல் இல்லாமல் போய் உள்ளறையைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த யன்னல் ஒழுகுகிறது, எந்த மெத்தை நனைந்திருக்கிறது என்று படகே சொல்லும். அந்த நேரம் வாங்க ஆளும் இருக்காது, விலையும் இறங்கும். கடலில் ஓட்டிப் பார்ப்பதைக் கோடைக்கு ஒத்திவைத்து, அதுவரை முற்பணம் மட்டும்.

இவ்வளவு காசு இல்லை. மாமாவின் பழைய 18 அடி பைபர் போட்டில் பாய் கட்டினால் என்ன? (களுவாஞ்சிகுடி)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கட்டலாம். முதலில் அந்த போட் எப்போதையது என்று கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் செய்து இறக்கியவற்றில் டோர்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும் மெல்லிய உடம்புகளும் இருந்தன. அப்படியானதில் மரம் நட்டால் அடி கிழியும். மற்றதென்றால் பாய்மரத்தின் அடிக்கு நல்ல பலகை வைத்து, அதன்மேல் நாலைந்து அடுக்கு பைபர் போட்டுக் கெட்டியாக்குங்கள்.

மீன்பிடி போட்டில் கீலும் இல்லை, அடிப்பாரமும் இல்லை. ஆகவே இரண்டு பக்கமும் தூக்கி இறக்கும் பலகை தொங்கவிட வேண்டும், வழுக்கலை அதுதான் நிறுத்தும். பாய் 50, 60 சதுர அடிக்கு மேல் வேண்டாம். முதல் பாயைத் தறப்பாளிலேயே வெட்டித் தைத்துப் பாருங்கள். வாவியோடு நில்லுங்கள். கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும்போது கரையோரக் கடல் தட்டுப் போலக் கிடக்கும், ஆசை காட்டும். போவது சுகம், திரும்புவதுதான் இல்லை. பழைய தோணிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது: “கச்சான் கொண்டுபோய் விடும் மகன், மறுகா நீதான் வரணும்.”

அணியத்திலும் பின்னாலும் மூடிய வெற்றுக் கான்களைக் கட்டி வையுங்கள், கவிழ்ந்தாலும் மிதக்கும். அது மிதக்கிறதா என்று பார்க்க, முதல் நாளே நெஞ்சளவு தண்ணீரில் நீங்களே கவிழ்த்து நிமிர்த்திப் பழகுங்கள். போனைக் கரையில் மாமாவிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.