ஐஸ்கசி ஸ்டோரேஜை எந்த சர்வர் அணுகலாம் என்று கட்டுப்படுத்துவது எப்படி?

கேள்வி: நெட்வொர்க் வழியாக டிஸ்க் தரும் ஒரே ஐஸ்கசி ஸ்டோரேஜில் மூன்று சர்வர்களுக்குத் தனித்தனி லன் (ஸ்டோரேஜிலிருந்து பிரித்துத் தரும் டிஸ்க்) ஒதுக்கியிருக்கிறேன். ஒன்றுக்கு உரியது மற்றொன்றுக்குத் தெரியக்கூடாது. ஐபி முகவரியை வைத்துத் தடுத்தால் போதுமா, சாப் கட்டாயமா?

ஐபி மட்டும் போதாது, சாப்பும் (ரகசியச் சொல்லை வைத்து சர்வரைச் சரிபார்க்கும் முறை) வையுங்கள். ஆனால் நீங்கள் கேட்பதைப் பார்த்தால், வெளியாள் நுழைவதைவிட உங்கள் சர்வர்களே மாற்றி மாற்றிக் கைவைத்துவிடும் என்பதுதான் பெரிய பயம். அந்தப் பயம் நியாயமானது. அதைத் தீர்ப்பது லன் மாஸ்கிங், அதாவது ஒவ்வொரு சர்வருக்கும் அதற்குரிய லன்னை மட்டும் காட்டுவது. சாப் அதற்கு அடுத்துதான்.

ஐஸ்கசி லன், சர்வருக்குள்ளேயே மாட்டிய டிஸ்க்காகத்தான் தெரியும். என்எஃப்எஸ், சம்பா போன்ற கோப்புப் பகிர்வு முறைகளில் இருப்பதுபோல் கோப்புகளைப் பார்த்துக்கொள்ள நடுவில் ஆள் கிடையாது. ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டம் எல்லாம் டிஸ்க் தனக்கு மட்டும்தான் சொந்தம் என்று நம்பி எழுதுபவை. இரண்டு சர்வர்கள் ஒரே லன்னை மவுன்ட் செய்து எழுதினால், ஒவ்வொன்றும் தன் கேஷில் இருப்பதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு மற்றதன் மேல் எழுதும். ஃபைல் சிஸ்டம் சிதைந்த பிறகுதான் உங்களுக்கே தெரியவரும். விண்டோஸ் இன்னும் ஒரு படி மேலே போகும்: பார்ட்டிஷன் டேபிள் இல்லாமல் லினக்ஸ் முழுசாகப் பயன்படுத்தும் டிஸ்க் கண்ணில் பட்டால் 'இனிஷியலைஸ் செய்யட்டுமா' என்று கேட்கும். யோசிக்காமல் ஓகே அழுத்த ஒருவராவது எல்லா அலுவலகத்திலும் இருப்பார். பல சர்வர்கள் ஒன்றாக எழுதுவதற்கென்றே உள்ள விஎம்எஃப்எஸ், ஜிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் என்றால் மட்டுமே ஒரே லன்னைப் பலருக்குத் திறக்கலாம்.

சரி, மாஸ்கிங் எப்படி? ஒவ்வொரு சர்வருக்கும் ஐக்யூஎன் என்று ஒரு பெயர் உண்டு. லினக்ஸில் அது எட்சி டைரக்டரிக்குள் ஐஸ்கசி ஃபோல்டரில் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் இருக்கும். ஸ்டோரேஜ் பக்கம் ஒவ்வொரு ஐக்யூஎன்னுக்கும் ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) போட்டு, அதற்குள் அந்த சர்வருடைய லன்னை மட்டும் மேப் செய்யுங்கள். விஎம்வேரில் ஹோஸ்ட் வழியாக டிஸ்க் இணைகிறது என்றால் ஏசிஎல்லில் வரவேண்டியது ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டின் பெயர், உள்ளே ஓடும் விஎம்மின் (மெய்நிகர் கணினியின்) பெயர் அல்ல.

இதில் இரண்டு குழிகள். ஐஸ்கசியில் தானே நேரடியாக இணையும் விஎம்மை க்ளோன் செய்தால் ஐக்யூஎன்னும் சேர்ந்தே நகலாகும். ஸ்டோரேஜுக்கு இரண்டும் ஒரே ஆள். க்ளோன் செய்த உடனே புதுப் பெயர் உருவாக்கி ஐஸ்கசி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்னொன்று, லினக்ஸ் டார்கெட்டில் (லன்னைக் கொடுக்கும் ஸ்டோரேஜ் பக்கம்) ஏசிஎல்லைத் தானாக உருவாக்கிக்கொள்ளும் டெமோ மோட். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பல செயல்முறைக் குறிப்புகள் அதை ஆன் செய்யச் சொல்கின்றன, கூடவே எழுதும் தடையையும் எடுத்துவிடச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் யார் வந்தாலும் கதவு திறக்கும். சோதனைக் கணினியோடு அது நிற்கட்டும்.

ஐக்யூஎன் என்பது வருபவர் தானே சொல்லிக்கொள்ளும் பெயர்தான். ரூட் உரிமை உள்ள எவரும் அந்தக் கோப்பைத் திருத்தி இன்னொரு சர்வராக வரலாம். ஐபியும் அப்படித்தான், அதே நெட்வொர்க்கில் இருப்பவர் மாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் சாப் வேண்டும். அதில் கடவுச்சொல் நேரடியாகப் போகாது. டார்கெட் அனுப்பும் சவாலுக்கு ஹேஷ் செய்த பதில்தான் போகும். ஆனால் அந்தப் போக்குவரத்தை ஒட்டுக்கேட்டவர் பின்னர் நிதானமாக உட்கார்ந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க முடியும். ஆகவே அகராதியில் கிடைக்கும் சொல் வேண்டாம், தற்செயலான எழுத்துகளாக இருக்கட்டும். விண்டோஸ் இனிஷியேட்டர் (சர்வர் பக்கத்தில் ஸ்டோரேஜோடு இணைக்கும் மென்பொருள்), நெட்வொர்க் போக்குவரத்தை மறையாக்கும் ஐபிசெக் இல்லாதபோது 12 முதல் 16 எழுத்து வரைதான் ஏற்கும், நீளத்தை அதற்கேற்ப வையுங்கள். ஒவ்வொரு சர்வருக்கும் தனி ரகசியம். டார்கெட்டையும் சர்வர் சரிபார்க்கும் இருவழி சாப் வைத்தால் இரண்டு திசைக்கும் ஒரே ரகசியம் கூடாது. லினக்ஸில் இன்னொரு தொல்லை: கான்ஃபிக் கோப்பில் சாப்பைச் சேர்த்தாலும், ஏற்கெனவே டிஸ்கவர் செய்து வைத்த டார்கெட் பதிவுகள் பழைய அமைப்பிலேயே இருக்கும். அவற்றைத் தனியாக அப்டேட் செய்யவேண்டும், அல்லது அழித்துவிட்டு மறுபடி டிஸ்கவர் செய்யவேண்டும்.

சாப் உள்ளே நுழைவதை மட்டும்தான் சோதிக்கும். டேட்டா அப்புறம் வெளிப்படையாகத்தான் ஓடும். ஐபிசெக் போட்டால்தான் மறையும். பெரும்பாலோர் வேகத்துக்காக அதை விட்டுவிட்டு, ஸ்டோரேஜுக்குத் தனி விலேன் (அதே ஸ்விட்ச்சில் பிரித்த தனி நெட்வொர்க்) கொடுத்துவிடுகிறார்கள். என் ஓட்டும் அதற்கே, அந்த விலேனுக்கு வெளியிலிருந்து ரவுட்டிங் இல்லாதவரை. டார்கெட்டின் போர்ட்டல் (இணைப்பை ஏற்கும் ஐபி முகவரியும் போர்ட்டும்) எல்லா முகவரிகளிலும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த விலேன் முகவரிக்கு மட்டும் மாற்றுங்கள். ஃபயர்வாலில் டிசிபி 3260 போர்ட்டை அந்த மூன்று ஐபிக்கு மட்டும் திறந்தால் போதும். நீங்கள் கேட்ட ஐபி கட்டுப்பாட்டுக்குச் சரியான இடம் இதுதான்.

எல்லாம் முடிந்ததும், அனுமதி உள்ள சர்வரில் டிஸ்க் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஏசிஎல்லில் இல்லாத ஒரு கணினியை அதே விலேனில் போட்டு லாகின் செய்து பாருங்கள். லினக்ஸ் என்றால் 24 என்ற எண்ணோடு அங்கீகாரப் பிழை வரவேண்டும். பிறகு அனுமதி உள்ள சர்வர்கள் மூன்றிலும் டிஸ்க் பட்டியலை எடுத்து, ஒரே சீரியல் எண் இரண்டு இடத்தில் வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.