ஹெத்தையம்மன் விடுமுறையும் எக்செல் வேலைநாள் கணக்கும்

வணக்கம் தோழர். கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலை ரிப்போர்ட்டில் 2025 ஜனவரி 6 முதல் 18 வரை வேலைநாள் முதல் வரியில் 7, நாற்பதாவது வரியில் 10 என்று வருகிறது, கையால் எண்ணினால் 9 என்று எழுதியிருந்தீர்கள். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

எக்செலில் வேலைநாள் எண்ணும் நெட்வொர்க்டேஸ் (NETWORKDAYS) ஃபங்ஷன் சனி, ஞாயிறு இரண்டையும் கழித்துவிடும். உங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. அதனால் நெட்வொர்க்டேஸ் இன்டல் (NETWORKDAYS.INTL) ஃபங்ஷனுக்கு மாறுங்கள், வார விடுமுறை இடத்தில் 11 கொடுங்கள், ஞாயிறு மட்டும் லீவு என்று அதற்கு அர்த்தம்.

அடுத்தது விடுமுறைப் பட்டியல். டாலர் குறி போடாமல் ஃபார்முலாவைக் கீழே இழுத்திருப்பீர்கள். வரி இறங்க இறங்கப் பட்டியலும் கூடவே இறங்கி, பொங்கலின் 14, 15, 16 தேதிகள் வெளியே போய்விட்டன. அதுதான் 10. ஃபார்முலாவுக்குள் பட்டியலைத் தேர்ந்தெடுத்து எஃப்4 அழுத்துங்கள், டாலர் குறி விழுந்து பட்டியல் நகராமல் பூட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே திருத்துங்கள். பட்டியலை மட்டும் பூட்டினால் எல்லா வரியிலும் 7 வந்து நிற்கும்.

நீலகிரிப் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் கலெக்டர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறையைத் தயவுசெய்து தனிப் பட்டியலில் வையுங்கள். அது பேங்க் விடுமுறைக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டம் 1881-ன் கீழ் வராது என்று உத்தரவிலேயே போட்டிருப்பார்கள். உங்கள் ஆபீஸ் மூடியிருந்தாலும் பேங்குக்கு அது வேலைநாள்தான். இலைப் பணம் பட்டுவாடா ஆகும் நாளை எண்ணும்போது பேங்க் விடுமுறைப் பட்டியலையே கொடுங்கள். பேங்க் மூடியிருக்கும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளையும் அதில் தேதியாகச் சேர்க்க வேண்டும். விவசாயி காத்திருக்கும் பணம் அது, ஒரு நாள்கூடப் பிசகக் கூடாது.